காலடிக் கணப்பு

பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலிருந்து வரப்போகும் எக்ஸாமினர் யார் என்று போனில் செய்தி வந்தபோது பூமாரி லேபில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தாள். ரமேஷ்குமார், வேலந்தாவளம் பக்கத்துப் பள்ளி என்றிருந்தது. கையிலிருந்த பிப்பெட்டை உடைக்காமல் ஸ்டாண்டில் வைத்தாளே, அதுவே பெரிய காரியம். பிறகு சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"வாங்க சார், வாங்க" என்று ஆளில்லாத லேபில் வாய்விட்டே சொன்னாள்.

தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது அந்தத் தமிழ் மீடியம் பள்ளி. அங்கே படித்த பூமாரி இப்போது அங்கேயே கெமிஸ்ட்ரி டீச்சர். லேப் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு காலத்தில் உர மூட்டை அடுக்கிய தகரக் கூரைக் கட்டிடம் அது. மழைக்காலத்தில் கூரை எங்கே ஒழுகும் என்று அதற்கே தெரியாது. சோடியம் வைத்த அலமாரி ஒழுகலுக்குக் கீழே வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கருமாதிதான். ஈரத்தில் பாட்டில் லேபிள்கள் உரிந்து விழும். பெயர் இல்லாத பாட்டிலைப் போல ஆபத்தான பிராணி காட்டில்கூடக் கிடையாது. பனிக்காலத்தில் காலையில் குழாயில் தண்ணீர் வராது, ஆசிட் பட்ட கண்ணைக் கழுவ ஓடைக்கா ஓட முடியும்?

எல்லாவற்றையும் பூமாரி கட்டி மேய்த்தாள். பாட்டில் பெயர்களைப் பெயிண்டில் எழுதவைத்தாள். டிரம்களில் தண்ணீர் நிரப்பிவைத்தாள். வாசலருகே மணல் வாளியும், எஸ்டேட்டில் கொடுக்கிற கம்பளி ஒன்றும் எப்போதும் தொங்கும். பூமாரி டீச்சர் லேபில் தும்முவதற்கும் பர்மிஷன் வாங்க வேண்டும் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். வெயிலோ பனியோ, கழுத்தை விட்டு இறங்காத மஃப்ளருக்குள்ளே இருந்த தழும்பு அவர்களுக்குத் தெரியாது.

அந்தத் தழும்புக்குச் சொந்தக்காரர்தான் வரப்போகிறவர்.

பூமாரி பிளஸ் டூ படித்த வருஷம் ரமேஷ்குமார் இங்கே கெமிஸ்ட்ரி சார். பாலக்காட்டுச் சமவெளியில் தென்னந்தோப்பும் வயலுமாக வாழ்ந்த குடும்பம். மலைக்குளிரை ஜென்மப் பகையாக நினைத்தவர். கோபமே வராது, வாயைத் திறந்தால் கண்ணு, அம்மிணிதான். இந்த மலையில் கீழேயிருந்து வருகிற ஆபீசருக்கோ வாத்தியாருக்கோ பனிக்காலத்தில் ஒரு மரியாதை செய்வார்கள். இரும்புச் சட்டியில் கங்கு அள்ளிவந்து, உட்கார்ந்திருப்பவரின் காலடியில் கணப்பு வைப்பார்கள். ரமேஷ்குமார் லேபிலும் அதை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

அசிட்டிக் ஆசிட் தண்ணீர் கலக்காமல் இருந்தால் இந்தக் குளிரில் பாட்டிலுக்குள்ளேயே கல்லாகிவிடும். சமவெளிக்காரருக்கு அது புது விஷயம். ஒரு நாள் காலையில் மற்ற பிள்ளைகள் அசெம்பிளியில் நின்றபோது, முன்கூட்டியே பாட்டில்களை எடுத்துவைக்க வந்த பூமாரியிடம் உறைந்த பாட்டிலை நீட்டி, "அம்மிணி, இதக் கணப்புல வெச்சு எளக்கிட்டு வா கண்ணு" என்றார். சொல்லிவிட்டுக் கணப்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு டீ குடிக்கப் போனார். பாட்டில் வெடித்துத் தீப்பிடித்தது. பூமாரியின் தாடைக்குக் கீழே, கழுத்து முழுக்க வெந்துபோனது.

விசாரணை நடந்தது. அவள் வாய் திறக்க முடியாமல் கோட்டயம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தப் பெண் கை சும்மா இருக்காமல் விளையாட்டாக எடுத்து வைத்துவிட்டது, நான் அறையிலேயே இல்லை என்று ரமேஷ்குமார் சொன்னார். அறையில் இல்லாதது உண்மைதான். பொய்யை ஒட்டவைக்க அந்த ஒரு சொட்டு உண்மை போதுமாக இருந்தது. பாவம், இப்படி ஒரு அதிர்ச்சி நேர்ந்த மனுஷன் என்று மேலிடம் இரக்கப்பட்டதில், அவர் கேட்டுக்கொண்டிருந்த சமவெளி டிரான்ஸ்ஃபரும் கைமேல் கிடைத்தது.

பூமாரியின் அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. பெண்ணைப் பள்ளியைவிட்டு நீக்கிவிடக் கூடாது என்று அவர் ரமேஷ்குமாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, "நீ ஏன் புள்ள அதத் தொட்ட?" என்று கேட்டார். வாய் திறந்ததும் அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. "படிச்ச சார் பொய் சொல்லுவாகளா?" என்றார். அந்தக் கேள்வியோடேயே செத்தும் போனார்.

அதற்காகத்தான் கெமிஸ்ட்ரி படித்தாள். பாடத்தின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. வஞ்சம்தான் படிக்கவைத்தது, வஞ்சம்தான் பாஸ் ஆக்கியது, வஞ்சம்தான் வேலைக்கும் கூட்டிவந்தது. இன்றைக்குச் சம்பளப் பட்டியலில் அவள் பெயர் இருப்பதற்கு அந்த மனுஷன்தான் காரணம் என்று நினைக்கும்போது எரிச்சல் இரட்டிப்பாகும்.

வழக்கமாக ஐப்பசி மழை முடிந்து குளிர் இறங்குவதற்குள் அசிட்டிக் ஆசிடைத் தண்ணீர் கலந்து நீர்க்கவைத்துவிடுவாள். நீர்த்தது உறையாது, பிரச்சினையே கிடையாது. இந்த வருஷம் கூடநின்று உதவியது மாரீஸ்வரி என்ற பிளஸ் டூ பெண். அந்த பாட்டிலில் பச்சைப் பெயிண்டில் பெயர் எழுதியதும் அவள்தான். அழகான கையெழுத்து, எல்லா விஷயத்திலும் முந்திக்கொண்டு நிற்கிற சுபாவம். பூமாரிக்கு அவளைப் பார்த்தால் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பயமாக இருக்கும்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் பூமாரி பச்சை எழுத்து பாட்டிலை எடுத்துத் தன் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். தண்ணீர் கலக்காத பாட்டிலை ராக்கில் முன்வரிசையில் வைத்தாள். அது ஏற்கெனவே பாதி கல்லாகியிருந்தது.

எக்ஸாமினர் மேஜையைப் பிள்ளைகளின் பெஞ்சுகளிலிருந்து தள்ளி, வாசல் பக்கம் தனியாகப் போட்டாள். மணல் வாளியைக் கிட்டத்தில் நகர்த்தினாள். கம்பளியை நனைத்துத் தொங்கவிட்டாள். பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது பாருங்கள்! இவ்வளவு பாதுகாப்பாக யாரும் ஒரு பாதகத்துக்கு ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். முகம் வேண்டாம், கை மட்டும் வெந்தால் போதும் என்று தனக்குள்ளேயே பேரம் பேசிக்கொண்டாள். சாக்பீஸ் பிடிக்கிற கை, விசாரணையில் பொய்க்குக் கையெழுத்துப் போட்ட கை.

"சதீஷ், நாளைக்கு சார் வந்ததும் காலடில கணப்பு வெச்சிரு" என்றாள்.

லேப் அசிஸ்டென்ட் சதீஷ் வாயைப் பிளந்தான். "என்ன டீச்சர் சொல்லுதீக? லேபுக்குள்ள தீக்குச்சி கொண்டாந்ததுக்கே என்னைய ஒரு வாரம் வறுத்தெடுத்தீக."

"அவரு கீழருந்து வாறாரு. நம்மூரு மரியாதைய விட்டுரலாமா?"

மறுநாள் புல்லெல்லாம் உறைபனி பூத்திருந்தது. ரமேஷ்குமார் ஜீப்பிலிருந்து குரங்குத் தொப்பியோடும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டரோடும் இறங்கினார். கொஞ்சம் பெருத்திருந்தார். அதைத் தவிர வயது அவரை ஒன்றும் செய்யவில்லை. பாவம் செய்தவர்கள் இப்படிப் பளபளப்பாகத்தான் இருக்கிறார்கள் என்று பூமாரி நினைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க டீச்சர், என்ன குளிருங்க இது! நானும் ஒருக்கா இங்க வேலை பாத்தவந்தானுங்க. தப்பிச்சம் பொழச்சம்னு ஓடிட்டேன்." சிரித்தார். "உங்க பேருங்க?"

"பூமாரி."

"நல்ல பேருங்க. இந்த மலையில பாதிப் புள்ளைங்களுக்கு அந்தப் பேருதானுங்களே."

அவருக்கு நினைவில்லை. முகம் மறந்திருக்கலாம், மாறியிருக்கும். பெயரையும் மறந்துவிட்டார். ஒரு பெண்ணை வேகவைத்துவிட்டு அவள் பெயரைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. இரவெல்லாம் மனதின் ஓரத்தில் மிச்சமிருந்த தயக்கம் அந்த நிமிஷத்தில் தீர்ந்தது.

சதீஷ் கணப்பை வைத்தான். ரமேஷ்குமார் ஷூவைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டிச் சுகமாகக் கண்ணை மூடினார். பரீட்சை தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உப்பைக் கொடுத்து, அதில் இருப்பது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்வதுதான் சோதனை. யாருக்காவது அசிட்டிக் ஆசிட் கட்டாயம் தேவைப்படும்.

கடைசி வரிசையிலிருந்து மாரீஸ்வரி எழுந்து ராக்குக்குப் போனாள். பாட்டிலைச் சாய்த்தாள், அசையவில்லை. ராக்கில் எதையோ தேடினாள். பிறகு பூமாரியிடம் வந்தாள்.

"டீச்சர், உறைஞ்சு கெடக்கு."

"குடு. நான் சாரிட்ட கேக்கேன்."

பூமாரி தன் கையாலேயே பாட்டிலை எடுத்துப்போய் மேஜைமேல் வைத்தாள். "சார், ஆசிட் உறைஞ்சு போச்சு. என்ன செய்யலாம்?"

வெந்நீரில் வைக்கலாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? யாருக்குத் தெரியும். ரமேஷ்குமார் அப்படிச் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லிச் சொந்தப் பொய்யை நம்பிவிட்டவர் அவர். அந்த விபத்து ஒரு பெண்ணின் குறும்பால் வந்தது என்று ஆனபிறகு, அதில் அவர் படிக்க என்ன பாடம் இருக்கிறது?

"அதுக்கென்னுங்க, அனல்ல காமிச்சா எளகிக்கும்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டார். பூமாரி இரண்டு எட்டு பின்னால் நகர்ந்தாள். குனியுங்கள் சார், குனியுங்கள்.

அவர் குனியவில்லை. தொந்தி தடுத்ததோ, சோம்பலோ. பூமாரிக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்த மாரீஸ்வரியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அம்மிணி, இதக் கணப்புல வெச்சு எளக்கிட்டு வா கண்ணு."

அதே வார்த்தைகள். எழுத்துப் பிசகாமல். சொன்னதோடு கணப்பிலிருந்து காலையும் எடுத்துக்கொண்டு, "டீச்சர், பாத்ரூம் எங்கீங்க?" என்று எழுந்தார்.

பூமாரி அப்படியே நின்றாள். இவ்வளவு யோசித்தவள், மேஜையை நகர்த்தியவள், கம்பளியை நனைத்தவள், ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். இந்த மனிதர் எந்த வேலையையும் தன் கையால் செய்தவரே இல்லை. எப்போதும் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை நிற்கும்.

மாரீஸ்வரி சொன்ன பேச்சு கேட்கிற பெண். கணப்பருகே குந்தி, பாட்டிலைக் கங்குக்கு நடுவில் பாந்தமாக நிறுத்தினாள். குனிந்த அவள் கழுத்துதான் பூமாரியின் கண்ணில் பட்டது. ஒரு வடுகூட இல்லாத கழுத்து.

"தள்ளு! தள்ளு புள்ள!"

எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாரீஸ்வரியை ஒரு கையால் பிடித்துத் தள்ளினாள். ஈரக் கம்பளியை இழுத்து, பாட்டிலை அதோடு சேர்த்துத் தூக்கி மணல் வாளிக்குள் திணித்தாள். டப்பென்று வாளிக்குள்ளேயே கண்ணாடி வெடித்தது. மூக்கைப் பிடுங்கும் புளித்த காரநெடி அறை முழுக்கப் பரவியது. "சன்னலைத் தொறங்க! எல்லாரும் வெளிய!" என்று கத்தினாள். சதீஷ் கணப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பிள்ளைகள் இருமிக்கொண்டே முற்றத்துக்கு வந்தார்கள். பூமாரியின் உள்ளங்கை சிவந்து கொப்புளித்திருந்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை.

வாசற்படியில் நின்ற ரமேஷ்குமார் ஒரு மூச்சுக்கூட வீணாக்கவில்லை.

"ஏனம்மிணி, அத எதுக்குப் போயி நெருப்புல வெச்சே? கை சும்மா இருக்காதா உனக்கு?"

மாரீஸ்வரி அழ ஆரம்பித்தாள். "நீங்கதான சார் வைக்கச் சொன்னீக."

"நானா? சும்மா அனல் படுற மாதிரி காமின்னு சொன்னேங்கண்ணு. நான் அறையில கூட இல்லீங்களே டீச்சர், எந்திரிச்சுப் போயிட்டனில்ல?"

"சொன்னீங்க சார்" என்றது முன்வரிசைப் பையன் ஒருவனின் குரல். "கணப்புல வெச்சு எளக்கிட்டு வான்னீங்க." இன்னொரு குரல் சேர்ந்தது, பிறகு முற்றம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. அந்தக் கொங்குப் பேச்சு பிள்ளைகளுக்குப் புதுசு, ஒரு வார்த்தை விடாமல் பிடித்துவைத்திருந்தார்கள்.

பூமாரி மஃப்ளரை அவிழ்த்தாள். பள்ளி முற்றத்தில் முதல்முறையாக.

"அன்னைக்கும் இதேதான் சொன்னீக சார். அசெம்பிளி நேரம். அன்னைக்குக் கேக்க ஆளில்ல."

ரமேஷ்குமார் தழும்பைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் குரங்குத் தொப்பிக்குள் முகம் வெளுத்தது. பூமாரிக்கு இனித்தது, பொய் சொல்வானேன், தேனாக இனித்தது. இத்தனை வருஷம் காத்திருந்ததற்கு அந்த வெளுப்பைப் பார்த்ததே போதும் போலிருந்தது.

அப்போது மாரீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "டீச்சர், நம்ம கலக்கிவெச்ச பாட்டில் ராக்குல இருந்துச்சே. நான் பச்சையில எழுதினது. அது எங்க போச்சு?"

அவளுக்கு வேறு எண்ணம் ஒன்றும் இல்லை. தெரியாததைக் கேட்டாள், அவ்வளவுதான். ரமேஷ்குமார் கெட்டிக்காரர். முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. பூமாரியை ஓரமாகக் கூப்பிட்டுத் தேன் குரலில் பேசினார்.

"டீச்சர், கலக்குன ஆசிட் இருந்துதுங்களா? லேபுக்குள்ள கணப்பு வெக்கச் சொன்னதும் நீங்கதானுங்களாமே, அந்த லேப் பையன் சொல்றான். நான் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன், நீங்க ஒரு பாட்டில எடுத்து வெச்சுப்போட்டீங்க. பாட்டில் பழசு, தானா ஒடஞ்சுதுன்னு உட்டுப்போடலாமுங்க. உங்க வேலையும் தப்பிக்கும், என்ற வேலையும் தப்பிக்கும்."

பூமாரி அவரைப் பார்த்தாள். சொல்லப்போனால் நல்ல பேரம். ஒரு பொய், அதுவும் சின்னப் பொய். அன்றைக்கு விசாரணையில் அவர் சொன்னது போலவே ஒன்று.

அதற்குள் ஃபேக்டரி வரைக்கும் சேதி போய்விட்டது. லேபில் வெடித்துவிட்டதாம், மாரீஸ்வரியாம். தேயிலைத் தூள் படிந்த சட்டையோடு அவள் அப்பா சின்னமுத்து மேட்டில் மூச்சிரைக்க ஓடிவந்தார். பெண்ணின் முகத்தை, கையை, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது.

"நீ ஏன் புள்ள அதத் தொட்ட?"

அதே ஃபேக்டரித் தூள், அதே கேள்வி. பூமாரி ரமேஷ்குமாரை விட்டுவிட்டு நேராகச் சின்னமுத்துவிடம் போனாள். முற்றத்திலிருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவ மேல தப்பில்லண்ணே. உறையாத ஆசிட் இருந்துச்சு, நான்தான் பூட்டி ஒளிச்சு வெச்சேன். கணப்பையும் நான்தான் வெக்கச் சொன்னேன். இந்த ஆளப் பழிவாங்க. அதுல உங்க புள்ள மாட்டிக்கிட்டா. இப்பவே புகார் எழுதிக் குடுக்கப் போறேன். அதுல முதல் பேரு என் பேரு."

மாரீஸ்வரி அவளைப் பார்த்த பார்வையைப் பூமாரியால் தாங்க முடியவில்லை. அதைத் தாங்கித்தான் ஆகவேண்டும். ரமேஷ்குமாரின் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்டப் பேரம் பேச இனி ஒண்ணுமில்ல சார். என் வேலை போயிருச்சு. ரெண்டாவது பேரு உங்க பேரு. எனக்குச் சாட்சி நீங்க, உங்களுக்குச் சாட்சி நானும் இத்தன புள்ளைகளும். போறப்போ சேந்தே போவோம்."

"டீச்சர், அவசரப்படாதீங்க..."

"இவரு கேக்காரு பாருங்க. ஏன் தொட்டன்னு கேக்காரு. பதில் சொல்லுங்க சார்."

ரமேஷ்குமார் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் பழியைத் தூக்கிக் கொடுக்க ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை, எல்லாரும் எதிரில் நின்றார்கள். சின்னமுத்து தூள் படிந்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.

"நாந்தானுங்க" என்றார். குரல் வெளியே வரவில்லை.

"கேக்கல சார்."

"நாந்தானுங்க வெக்கச் சொன்னேன்."

சின்னமுத்து பெண்ணின் தலையில் கை வைத்தார். "சரி, வா புள்ள" என்று கூட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். அவர் போய் மறையும்வரை பூமாரி அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நாந்தானுங்க' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமல் செத்துப்போன அப்பாவின் முதுகும் அப்படித்தான் இருக்கும். பிறகு வெந்த கையில் பேனா பிடிக்க வராததால், சதீஷைக் கூப்பிட்டுப் புகாரை எழுதச் சொன்னாள்.